டோக்கியோ பழைய வாள் கடை ரிவ்யூ: "போர்ல பட்ட தழும்பு"ன்னு சொல்றத எப்படி நம்பறது?

ஜப்பான்ல பழைய கட்டானா ஒன்னு வாங்கணும்னு ஆசைப்பட்டு, நெட்ல "போர்ல அடிபட்ட வாள்"னு போட்டு விக்கிறத எல்லாம் பாத்து குழம்பிப் போயிருக்கிறவங்களுக்காக இத எழுதறேன். கடை டோக்கியோல யமனோதே லைன் ஸ்டேஷன் ஒன்னுல இறங்கி நடக்கிற தூரத்துல, ஒரு பழைய பில்டிங் மாடில இருக்கு. 5க்கு 4.5 குடுக்கறேன், அந்த அரை மார்க் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன். ரெண்டு பேருக்கு மேல உக்கார இடம் இல்லாத கடைங்கிறதால பேர் போட வேணாம்னு ஓனர் கேட்டுக்கிட்டார், வேணும்ங்கிறவங்க மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன்.

இவ்ளோ மார்க் குடுக்க ஒரே காரணம் தான். மத்த இடத்துல வாள்ல இருக்கிற ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை ரெடியா வச்சிருப்பாங்க. இங்க வாள கையில குடுத்து, லைட்ட போட்டு, லென்ஸையும் குடுத்து, இது இப்படி வந்திருக்கலாம், அப்படியும் வந்திருக்கலாம், இதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னு சொல்லி நிறுத்திடுவார். எழுவத தாண்டின பெரியவர், சின்ன வயசுல வாள் தீட்டறவர் ஒருத்தர் கிட்ட வேலை பழகினவர், அதனால அவர் கண்ணு முதல்ல போறது வாளோட அழகுக்கு இல்ல, எங்க எவ்ளோ இரும்பு தேஞ்சிருக்குங்கிறதுக்கு. என் கேள்விக்கு அந்தக் கண்ணு தான் வேண்டியிருந்துச்சு.

நெட்ல என்ன நடக்குதுன்னா, கூர்ல அங்கங்க பல்லு விழுந்த வாள க்ளோசப்ல போட்டோ எடுத்து, செங்கோகு காலத்துப் போர்ல (15, 16ஆம் நூற்றாண்டு உள்நாட்டுச் சண்டைங்க) பட்ட காயம்னு ஒரு வரி எழுதிட்டா போதும், அதே மாதிரி நல்லா இருக்கிற வாள விட விலை கூட வச்சிடறாங்க, வாங்கறவனும் அந்த ஒரு வரிக்குத் தான் காசு குடுக்கறான். நான் அப்படி ஒரு லிஸ்டிங்க ரொம்ப நாளா பாத்துட்டு இருந்தேன், அந்த ஸ்கிரீன்ஷாட்டோட தான் ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தன கூட்டிக்கிட்டு போனேன், அவனுக்கு ஜப்பானீஸ் என்ன விட நல்லா வரும். பெரியவர் போன வாங்கி, படத்த பெருசாக்கி பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டார். போட்டோல தழும்போட ஆழம் தெரியாது, உள்பக்கத்து நிறம் தெரியாது, அதனால அத வச்சு ஒன்னும் சொல்ல மாட்டேன்னுட்டார். அதுக்குப் பதிலா உள்ள போய் மூணு வாள எடுத்துட்டு வந்து மேஜைல துணி விரிச்சு வரிசையா வச்சார். வாங்க வந்தவனா வேடிக்கை பாக்க வந்தவனான்னு கூட கேக்கல.

பாக்கிறதுக்கு முறை ஒன்னு இருக்கு, தெரியாம போனா சங்கடம். வாளுக்கு முன்னாடி லேசா தலை குனியணும், உறையில இருந்து எடுக்கிறப்ப கூர் மேல பாத்து இருக்கணும், வாளுக்கு மேல குனிஞ்சு பேசக்கூடாது, எச்சில் தெறிச்சா துரு பிடிச்சிடும். தீட்டின இரும்ப வெறும் விரலால தொடவே கூடாது, விரல்ல இருக்கிற உப்பும் வேர்வையும் பட்டா கைரேகை அப்படியே துருவா நின்னுடும். கீழ தாங்கிப் பிடிக்க ஒரு பட்டுத் துணி குடுத்தார்.

முதல் வாள் எடோ காலத்துது. நடுவுல இருந்து நுனி வரைக்கும் கூர் பல்லு பல்லா போயிருந்துச்சு. பாத்ததும் ஃப்ரெண்ட் என் காதுல, "மச்சான், இது கண்டிப்பா நாலஞ்சு பேர வெட்டிருக்கும்டா"ன்னான். பெரியவர் என்ன சொன்னான்னு கேட்டுட்டு, சிரிக்காம கொள்ளாம, இதுல இருக்கிற பல்லு எல்லாம் கடைசியா தீட்டினதுக்கு அப்புறம் விழுந்ததுன்னு மட்டும் தான் சொல்ல முடியும்னார். நான் அன்னைக்கு கத்துக்கிட்டதுல பெரிய விஷயம் இது தான், அதனால கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

ஜப்பானிய வாளுக்கு பதம் குடுக்கிறப்ப களிமண்ண முதுகுப் பக்கம் தடியாவும் கூர் பக்கம் மெலிசாவும் பூசி, சிவக்கக் காய்ச்சி, தண்ணில முக்குவாங்க. மண்ணு மெலிசா இருக்கிற கூர் சட்டுனு ஆறி பயங்கர கெட்டியாயிடும், முதுகு மெதுவா ஆறி மென்மையாவே நின்னுடும். ரெண்டுக்கும் நடுவுல வெள்ளையா அலை அலையா தெரியுதே அது தான் ஹமோன். கெட்டியா இருக்கிறதால கூர் நிக்குது, அதே கெட்டி தான் கெட்டிப் பொருள் மேல படறப்ப துண்டா தெறிச்சும் போகுது. அதனால சண்டைல பல்லு விழும், அதுல சந்தேகமே இல்ல. 1864ல கியோட்டோல இகேதாயா விடுதில நடந்த மோதலப் பத்தி ஷோகுன் ஆட்சிக்காக கியோட்டோல காவல் பாத்த ஷின்செங்குமி படையோட தலைவர் கொண்டோ இசாமி ஊருக்கு எழுதின கடுதாசி இருக்கு. தன் ஆளுங்கள்ல நாகாகுரா ஷின்பாச்சியோட வாள் ஒடிஞ்சு போச்சு, ஒகிதா சோஜியோட வாள்ல நுனி ஒடிஞ்சுது, தோதோ ஹெய்சுகேயோட வாள்ல கூர் முழுக்க பிளந்த மூங்கிலாட்டம் ஆயிடுச்சு, என்னோடது கோதெத்சுங்கிற பேர் பெற்ற கொல்லன் பண்ணினதாலயோ என்னவோ ஒன்னும் ஆகலன்னு எழுதியிருக்கார். ஒரே ராத்திரி, அதுவும் வீட்டுக்குள்ள நடந்த சண்டை. அதுல இவ்ளோ சேதம்.

அப்போ பல்லு இருந்தா சண்டை பாத்த வாள்னு தானே அர்த்தம்னு கேப்பீங்க. இங்க தான் தீட்டறவர் நடுவுல வர்றார். பல்லு விழுந்த வாள யாரும் அப்படியே இடுப்புல சொருகிக்கிட்டு திரிய மாட்டாங்க, திரும்ப தீட்டக் குடுப்பாங்க. பல்லு மறையணும்னா அந்த ஒரு இடத்த மட்டும் தேய்க்க முடியாது, வாளோட உருவம் கெடாம இருக்க கூர் முழுக்க, அப்புறம் ரெண்டு பக்கமும்னு இரும்ப இறக்கிட்டே வரணும். நல்ல குடும்பத்துல 400, 500 வருஷம் கை மாறி வந்த வாள் எத்தன தடவ கல்லுல பட்டிருக்கும்னு யோசிங்க. ஒவ்வொரு தடவையும் வாள் கொஞ்சம் ஒல்லியாகும், ஹமோனும் கூர் பக்கமா சுருங்கும். பல்லு ஹமோனையே தாண்டிப் போயிட்டா அந்த இடத்துல கெட்டி இரும்பே இல்ல, வாள் வாளா நிக்காது. அதனால 1500கள்ல விழுந்த பல்லு இன்னைக்கி வரைக்கும் கூர்ல அப்படியே இருக்கிறது நடக்காத காரியத்துக்குப் பக்கத்துல. நீங்க இப்ப பாக்கிற பல்லு பெரும்பாலும் மெய்ஜி காலத்துலயோ (1868க்கு அப்புறம்), ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறமோ, போன வருஷமோ விழுந்தது.

எடோ காலம்னா 1603ல இருந்து 1868 வரைக்கும். 1615 ஒசாகா கோட்டைப் போர், 1637-38 ஷிமாபாரா கலகம், இந்த ரெண்டையும் தாண்டினா கடைசி சில வருஷ குழப்பம் வரைக்கும் ரெண்டு நூற்றாண்டுக்கு மேல பெரிய போரே இல்ல. அந்தக் காலத்துல அடிச்ச வாள்ல முக்கால்வாசி இடுப்புல தொங்கினதோட சரி. 1876ல வாள் கட்டிக்கிட்டு வெளிய போறதுக்கே தடை வந்துச்சு, அப்புறம் அதெல்லாம் பரண்ல கிடந்துச்சு, பசங்க எடுத்து மரத்த வெட்டி விளையாடினாங்க, பெரியவங்க மூங்கில வெட்டிப் பாத்தாங்க. 1945க்கு அப்புறம் அமெரிக்க ராணுவம் மக்கள் கிட்ட இருந்து பறிமுதல் பண்ணின வாள்ல ஆயிரக்கணக்குல டோக்கியோ அகாபானேல இருந்த கிடங்குல குவிஞ்சுது, சோல்ஜருங்க ஞாபகார்த்தமா ஊருக்கு எடுத்துட்டுப் போனது தனி. இரும்பு மேல இரும்பு உரச, கண்டபடி கையாள, கூர் என்ன ஆகும்? முதல் வாள்ல பல்லுக்குள்ள லென்ஸ் வச்சு பாத்தா வெள்ளி மாதிரி பளிச்சுனு இருந்துச்சு, கருப்பே ஏறல. இது ஒரு கிராமத்து வீட்டு பரண்ல இருந்து வந்தது, யாரோ கம்பியையோ ஆணியையோ வெட்டிப் பாத்திருக்காங்கன்னு நினைக்கிறேன்னார் பெரியவர். அதையும் நினைக்கிறேன்னு தான் சொன்னார்.

ரெண்டாவது வாள எடுத்ததும் திருப்பி முதுகக் காட்டினார். எனக்கு அப்ப தான் புரிஞ்சுது, இவ்ளோ நாளா நான் பாக்க வேண்டிய பக்கத்த பாக்கவே இல்லன்னு. எதிராளி வெட்ட வர்றப்ப கூரால தடுத்தா ரெண்டு கூரும் போகும். அவசரத்துல முதுகுலயோ பக்கவாட்டுலயோ வாங்கினா, அவனோட கெட்டிக் கூர் நம்ம மென்மையான முதுகுல பதியும். அந்தத் தழும்புக்கு கிரிகோமின்னு பேர். இத ஊனமா எடுத்துக்கிறதில்ல, பெருமையான காயம்னு தான் பாக்கிறாங்க, தீட்டறவரும் அழிக்காம விட்டுடுவார். கூர்ல விழுந்த பல்லு எல்லாம் தீட்டித் தீட்டி காணாம போக, முதுகுல விழுந்த வெட்டு மட்டும் நிக்குதுன்னா காரணம் இது தான்.

அந்த வாள் முரோமாச்சி காலத்துக் கடைசி, அதாவது 1500கள், பிசென் மாகாணத்து ஓசாஃபுனே ஊர்ல அடிச்சது, சுகெசாதான்னு கொல்லன் கையெழுத்து. சுகெசாதான்னு பேர் போட்ட வாள் ஏகப்பட்டது உண்டு, ஒரே பேர்ல பல பேர் வேலை செஞ்சாங்க, போருக்காக மொத்தமா அடிச்சதும் நிறைய. கட்டையான வாள், 63 செமீ சொச்சம், கைப்பிடிக்குள்ள போற வால் பகுதியும் குட்டையா இருக்கும், ஏன்னா ஒத்தக் கையால வீச அடிச்சது. தழும்பு நடுவுல இருந்து கொஞ்சம் நுனிப் பக்கமா, முதுகோட வலது ஓரத்துல, அரிசி அகலம் கூட இல்ல. பெரியவர் ரூம் லைட்ட அணைச்சிட்டு ஒரு பல்ப மட்டும் போட்டு, வாள மெதுவா உருட்டச் சொன்னார். லென்ஸ்ல பாக்கிறப்ப வெட்டோட ஒரு சுவர் நேரா இறங்குது, இன்னொன்னு சாய்வா இருக்கு, வந்த வாள் கோணலா வந்து இறங்கியிருக்கு. அடிப்பகுதி ஒரே கோடா கூர்மையா முடியுது. ரெண்டு உதட்டுலயும் இரும்பு லேசா மேல தள்ளியிருக்கு, ஆனா பிசிறு இல்ல, வழவழன்னு இருக்கு, பக்கத்துல போற தீட்டின கோடு அந்த உதட்டு மேலயும் ஏறி இறங்கிப் போகுது. அப்படின்னா வெட்டு விழுந்ததுக்கு அப்புறம் குறைஞ்சது ஒரு தடவையாவது தீட்டியிருக்காங்க. உள்ள நிறம் சிவப்பு துரு இல்ல, கருத்துப் போன ஒரு பழுப்பு, கைப்பிடிக்குள்ள இருக்கிற வால்ல பழைய துரு இருக்குமே, கிட்டத்தட்ட அந்த நிறம். இது எல்லாத்தையும் ஒன்னொன்னா அவர் வாய்ல சொல்லல, என்ன தெரியுதுன்னு என்னையே கேட்டுக் கேட்டு சொல்ல வச்சார். சில வாள்ல எதிராளியோட கூர்ல இருந்து தெறிச்ச துணுக்கு அந்த வெட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கும்னும் சொன்னார், இதுல அது இல்ல.

மூணாவது வாள் தான் அவர் விக்கிறதுக்கு வைக்காம பாடம் எடுக்க மட்டும் வச்சிருக்கிறது. இதுலயும் முதுகுல தழும்பு இருக்கு, வெறும் கண்ணுக்கு ரெண்டாவது வாள்ல இருக்கிறத விட பிரமாதமா இருக்கு, ஆழமா, பெருசா, அதுவும் ஒன்னுக்கு மூணு. லென்ஸ்ல பாத்தா அடி அகலமா தட்டையா இருக்கு, உள்ள ஒரே திசைல இணையா கீறல் ஓடுது, அரம் போன தடம். உதட்டுல இரும்பு மேல தள்ளவே இல்ல. வாளால வெட்டினா இரும்பு ஒதுங்கும், அரத்தால ராவினா இரும்பு போயிடும், இந்த ஒரு வித்தியாசத்த மறைக்கிறது கஷ்டம். உள்ள கருப்ப மருந்து போட்டு ஏத்தியிருக்காங்க, ஆனா கருப்பு வெட்டோட வாய தாண்டி தீட்டின பரப்பு மேலயும் லேசா படர்ந்திருக்கு. அந்த மூணு தழும்பும் ஒரே இடைவெளில ஒரே கோணத்துல இருந்துச்சு. அசையற ரெண்டு மனுஷங்களுக்கு நடுவுல அப்படி வரிசையா விழுமா?

இத எழுதறப்ப எனக்கு உண்மையாவே கோவம் வருது. ஐநூறு வருஷம் பத்திரமா வந்த ஒரு பொருள், யாரோ ஒரு கொல்லன் ராத்திரி பகலா அடிச்சது, அத கொஞ்சம் காசு கூட வரும்னு அரத்த வச்சு ராவறதுன்னா என்ன மனசு அது. அந்த இரும்பு திரும்ப வராதுங்க.

சரி, தழும்பு நிஜம்னே வச்சுப்போம். அப்பவும் நமக்குத் தெரியறது என்னைக்கோ ஒரு வாளோட கூர் இந்த முதுகுல பலமா இறங்கியிருக்குங்கிறது மட்டும் தான். எந்த சண்டை, யார் கை, ஜெயிச்சவன் வாளா தோத்தவன் வாளா, எதுவும் இரும்புல எழுதியிருக்காது. அந்தக் காலப் போர்ல வீரருங்க பட்ட காயத்த பட்டியல் போட்டு மேலிடத்துக்குக் குடுத்த பத்திரங்கள் இருக்கு, அதுல அம்புக் காயம் தான் நிறைய, பின்னாடி துப்பாக்கியும் ஈட்டியும். வாள் பக்கத்துணை ஆயுதம் தான். அதனால வாளுக்கு வாள் மோதின தழும்பு இருக்கிறதே அபூர்வம், இருந்தா மதிக்கணும், ஆனா அதுக்கு மேல ஒரு தளபதி பேர ஒட்டினா காகிதம் கேளுங்க.

காகிதம் இருக்கிற வாளே எப்படின்னு தெரிஞ்சுக்க உயேனோல டோக்கியோ தேசிய மியூசியத்துல இருக்கிற, மாசமுனேங்கிற கொல்லன் அடிச்ச இஷிதா மாசமுனே வாள் நல்ல உதாரணம். முதுகுல கிரிகோமி இருக்கிறதால அதுக்கு இஷிதா கிரிகோமி மாசமுனேன்னே ஒரு பேர் உண்டு. 1599ல இஷிதா மிட்சுனாரிங்கிற பிரபு ஆபத்துல இருந்து தப்பிச்சு தன் கோட்டை இருந்த சாவாயாமாவுக்குப் போறப்ப வழித்துணையா வந்த யூகி ஹிதேயாசுவுக்கு நன்றியா இத குடுத்தார், அடுத்த வருஷம் செகிகஹாரால பெரிய போர். கேட்டதும் தழும்பு மிட்சுனாரி சண்டைல பட்டதுன்னு மனசு தானா முடிச்சுப் போடும். ஆனா மாசமுனே வேலை செஞ்சது காமாகுரா காலக் கடைசில (1300கள் ஆரம்பம் வாக்குல), மிட்சுனாரி கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்த வாளுக்கு ரெண்டு நூற்றாண்டுக்கு மேல வயசு. இவ்ளோ பேர் பெற்ற வாளுக்கே தழும்பையும் மிட்சுனாரியையும் கண்ணால பாத்து இணைக்க முடியாதுன்னா, நெட்ல ஓடற சுகெசாதாவுக்கு யார் பேர ஒட்டறாங்க?

வேற சில குறைகளையும் போர்க் காயம்னு சொல்லி தள்ளுவாங்க, பெரியவர் வேகமா சொன்னத நானும் வேகமா சொல்லிடறேன். கூர்ல குறுக்கா மயிரிழை மாதிரி விரிசல் இருந்தா அது ஹகிரே, அடிச்சதுலயும் வரலாம், பதம் குடுக்கிறப்பவே வந்திருக்கலாம், எதுனால வந்தா என்ன, வாளுக்கு அதோட முடிஞ்சுது, தீட்டினாலும் போகாது, சாய்ச்சு வெளிச்சத்துல தேடுங்க, விக்கிறவன் சொல்ல மாட்டான். வளைஞ்சு நிமித்தின இடத்துல முதுகுப் பக்கம் சின்னச் சின்ன சுருக்கம் தெரியும், ஷினாயேன்னு பேர், தப்பா வெட்டிப் பழகினாலும் வரும். பரப்புல வாய் திறந்த மாதிரி நீளக் கோடு இருந்தா இரும்ப மடிச்சு அடிச்சப்ப சரியா ஒட்டாத இடம், அது கொல்லன் பட்டறைல பொறந்தது. கருப்புப் புள்ளிய ரத்தக் கறைம்பாங்க, கண்ணால பாத்து அது ரத்தமா வேர்வையா மழைத்தண்ணியான்னு யாராலயும் சொல்ல முடியாது. சில வாள்ல கைப்பிடிக்குள்ள தங்கத்துல இத்தன உடல வெட்டிச்சுன்னு பொறிச்சிருக்கும், அது யாமாதா அசாஎமோன் குடும்பம் மாதிரி ஆளுங்க மரண தண்டனை ஆனவங்க உடம்புல வாள சோதிச்சு எழுதினது. வெட்டினதுக்கு சாட்சி, ஆனா போருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

தீயும் ஒரு பெரிய குழப்பம். ஷோகுன் ஆட்சிய முடிக்கப் பாடுபட்ட சாமுராய் சகாமோதோ ரியோமா 1867ல கியோட்டோல கொல்லப்பட்டப்ப அவர் கிட்ட இருந்த, யோஷியுகிங்கிற கொல்லன் அடிச்ச வாள் இன்னைக்கி கியோட்டோ தேசிய மியூசியத்துல இருக்கு. கொலைகாரன் வெட்ட வந்தப்ப உறையோட தடுத்தார்னு சொல்றாங்க. ஆனா அந்த வாள் 1913ல ஹொக்கைடோ குஷிரோல நடந்த தீ விபத்துல மாட்டி வளைவே இல்லாம போச்சு, அப்புறம் திரும்ப தீட்டினாங்க, அதனாலயே இது அவரோடது தானான்னு ரொம்ப நாள் சந்தேகம் இருந்து, பழைய ஆவணம் கிடைச்ச பின்னாடி தான் தீர்ந்துச்சு. அதுவும் தீர்த்து வச்சது காகிதம், கண்ணு இல்ல. தீல பதம் போய் அத திரும்பக் குடுத்த வாள்னு தெரிஞ்சா அதுல இருக்கிற எந்தத் தழும்பையும் வச்சு கதை கட்டாதீங்க.

நான் வாங்கினேனான்னு கேக்கிறவங்களுக்கு, ஆமா, அந்த ரெண்டாவது வாள தான். அன்னைக்கே இல்ல, போயிட்டு யோசிச்சிட்டு வாங்கன்னு அவரே அனுப்பி வச்சார். ஆறு லட்சம் யென்னுக்குக் கொஞ்சம் மேல. தழும்புக்காக ஒரு யென் கூட ஏத்தல, அதே தரத்துல தழும்பு இல்லாத வாளோட விலை தான். என்பிடிஹெச்கேன்னு 1948ல ஆரம்பிச்ச வாள் பாதுகாப்புச் சங்கம் குடுக்கிற ஹோசோன் சான்றிதழ் கூட இருந்துச்சு. அதுல கையெழுத்து உண்மை, நீளம் இவ்ளோன்னு தான் இருக்கும், சண்டைல போனதான்னு அவங்க எழுத மாட்டாங்க. சான்றிதழ் இருக்கு அதனால போர்த் தழும்பும் உண்மைன்னு யாராவது சொன்னா கடைய விட்டு வெளிய வந்துடுங்க. ரசீதுல தழும்ப எப்படி எழுதினார் தெரியுமா, முதுகுல ஒரு கிரிகோமி, இந்த இடத்துல, இவ்ளோ நீளம். அவ்ளோ தான். காரணம்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்கு அந்த ரசீது மேல தனி மரியாதை.

சர்வீஸ்னு பாத்தா, வாள் வாங்காம உங்க கிட்ட இருக்கிறத கொண்டு போய் காட்டினாலும் பாத்து சொல்வார், ஆனா முன்கூட்டி போன் பண்ணணும், பதிவுக் காகிதம் வாளோட இருக்கணும். ஜப்பான்ல பதிவு வாளுக்குத் தான், ஆளுக்கு இல்ல, மாகாண கல்வி வாரியம் குடுக்கிற அந்தச் சின்னக் காகிதம் இல்லாத வாள தொடவே மாட்டார். வெளிநாட்டுக்காரங்க இங்க குடியிருந்தா தாராளமா வாங்கலாம், வாங்கி 20 நாளுக்குள்ள பேர் மாத்தி தெரிவிக்கணும், அந்தத் தபாலையும் அவரே நிரப்பிக் குடுத்து எங்க கையெழுத்துன்னு காட்டினார். எண்ணெய், துடைக்கிற காகிதம், எப்படி துடைக்கணும்ங்கிற பாடம் எல்லாம் சும்மா.

இப்ப அந்த அரை மார்க். இங்கிலீஷ் சுத்தமா இல்ல, ஜப்பானீஸ் தெரிஞ்ச ஆள கூட்டிட்டு போகலன்னா இந்தக் கடையோட முக்கால்வாசி அருமை உங்களுக்குக் கிடைக்காது, ஏன்னா அங்க பெருசே அந்தப் பேச்சு தான். போட்டோ எடுக்க விட மாட்டார். படிக்கட்டு செங்குத்து, லிஃப்ட் இல்ல, வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு போற ஐடியா இருந்தா யோசிச்சுக்கோங்க. விலை பேரம் கிடையாது, கேட்டா கோவப்பட மாட்டார், பேச்ச மாத்திடுவார். கார்டும் வாங்க மாட்டார், பேங்க் ட்ரான்ஸ்ஃபர் தான். அப்புறம் ஸ்டாக் கம்மி, பெரிய கடைல மாதிரி சுவர் நிறைய வாள் பாக்கணும்னா ஏமாத்தமா இருக்கும், அதுக்கு வருஷா வருஷம் ஷிம்பாஷி பக்கம் டோக்கியோ பிஜுட்சு கிளப்ல நடக்கிற பெரிய வாள் சந்தைக்குப் போங்க, கையில ஒரு லென்ஸோட.

யாருக்கு இந்தக் கடை சரிப்படாதுன்னும் சொல்லிடறேன். ரத்தம், போர், பழிவாங்கல்னு கேட்டு சிலிர்க்கணும்னு போறவங்களுக்கு இங்க ஒன்னும் இல்ல. சுவர்ல மாட்ட ஒரு அயிட்டம் வேணும்னா புதுசா செஞ்ச பொம்மை வாளே போதும், எதுக்கு பழச வாங்கி துரு ஏத்தணும். பொறுமையா உக்காந்து, ஒரு சென்டிமீட்டர் இரும்ப அரை மணி நேரம் பாக்கிற ஆர்வம் இருக்கிறவங்க கண்டிப்பா போங்க.

போறதுக்கு முன்னாடி ர்யோகோகுல இருக்கிற வாள் மியூசியத்த ஒரு தடவ பாத்துடுங்க, 2018ல யோயோகில இருந்து அங்க மாறினது, பழைய யசுதா தோட்டத்துக்குள்ளயே இருக்கு. நல்லா தீட்டின, தழும்பே இல்லாத வாள் எப்படி இருக்கும்னு கண்ணு பழகினா தான் கெட்டது எதுன்னு பிடிபடும். ஊருக்கு எடுத்துட்டு போற பிளான் இருக்கிறவங்க வாங்கறதுக்கு முன்னாடியே அத கடைல சொல்லிடுங்க, கலாச்சார அலுவலகத்துல ஏற்றுமதி அனுமதி வாங்கி பதிவுக் காகிதத்த திருப்பிக் குடுக்கணும், அதுக்கு நாள் ஆகும், ஃப்ளைட் டிக்கெட் போட்டுட்டு கடைசி வாரத்துல போய் நிக்காதீங்க. நம்ம ஊர் கஸ்டம்ஸ்ல என்ன கேப்பாங்கங்கிறதையும் முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. போன் பண்றப்ப மதியம் ஒரு மணிக்கு மேல பண்ணுங்க, காலைல எடுக்க மாட்டார்.